நாள்வழியும் பேரேடும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் தமிழ்ப் படைப்புலகும்

கொரட்டூரில் தொடர்வண்டி ஏறிச் சென்னை நோக்கிச் செல்வோர் வில்லிவாக்கத்தைக் கடந்த சிறிது நேரத்தில் பெரம்பூர்த் தொழிற்சாலைகளின் நெடுஞ்சுவர்களைக் காண்பர். இரும்புப் பாதையாலும் பெட்டித் தொழிற்சாலையாலும் பெயர் பெற்ற அவ்வூருக்கு அவற்றினும் பழையதொரு பெருமை உண்டு. தமிழில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் எழுதப்பெற்ற மாபெரும் நாட்குறிப்பின் ஆசிரியராகிய ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு பிறந்தது பெரம்பூரில்தான். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை அவ்வூர் வணிகர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் தரகராக விளங்கிய நைனியப்ப பிள்ளை இவர்தம் மைத்துனர். அவ்வுறவின் வழியே குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பெரம்பூர்ச் சிறுவன் புதுச்சேரிப் பெருவணிகரானார். பின்னர் ஆளுநர் டூப்ளேயின் துபாசியுமானார்.

நாட்குறிப்பு எழுதுவது எழுத்தாற்றலை வளர்க்கும் என்பது இலக்கிய ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை. எவ்வகையில் வளர்க்கும், எதை எழுதினால் வளர்க்கும் என்ற கேள்விக்கு விடை கூறுவார் குறைவு. மேலைநாட்டு எழுத்தாளர் சிலரைச் சுட்டிக்காட்டிவிட்டு அமைந்துவிடுவதே வழக்கம். தமிழிலேயே இதற்கொரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது புலவர் மரபிலிருந்து தோன்றியதன்று. வணிகர் கணக்கேட்டிலிருந்து தோன்றியது.

தமிழ் வணிகர் கணக்கு வைத்துவந்த முறையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே அது சிட்டையில் ஏறும். அன்றைய பொழுது முடிவதற்குள் நாள்வழியில் தேதியிட்டுப் பதியப்படும். பின்னர் ஓய்வாக, அவரவர் பெயரில் பிரித்துப் பேரேட்டில் எழுதப்படும். நாள்வழியில் அழகுக்கு இடமில்லை, விட்டுப்போதலுக்கும் இடமில்லை. அன்றன்று நடந்ததை அன்றன்றே, நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்பது அதன் ஒரே விதி. இவ்விதியில் பழகிய கை, பணத்தோடு சேர்த்துச் செய்தியையும் பதியத் தொடங்கியதே ஆனந்தரங்கரின் 'தினப்படி சேதிக் குறிப்பு' எனலாம்.

குறிப்பு 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் நாள் தொடங்குகிறது. நள ஆண்டு, ஆவணி மாதம், வியாழக்கிழமை. ஆங்கில ஆண்டும் தமிழாண்டும் கிழமையும் ஒருங்கே எழுதும் இவ்வழக்கத்தை அவர் கடைப்பிடித்தார். தந்தையார் 1726இல் மறைந்தபின் இளம்வயதிலேயே பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை ஏற்று நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. மற்றொன்றும் கருதத்தக்கது. நைனியப்ப பிள்ளை 1716இல் பிரெஞ்சு அதிகாரிகளின் பகைக்கு ஆளாகித் தண்டிக்கப்பெற்று, 1717இல் சிறையிலேயே இறந்தார். அத்தீர்ப்பு தவறென்று பிரான்சிலிருந்து ஆணை வந்தது அவர் இறந்த பின்னரே. எழுதிவைத்த ஓலையும் தாளும் ஒரு குடும்பத்தை வீழ்த்தவும் நிமிர்த்தவும் வல்லவை என்பதை இளம்பருவத்திலேயே கண்ட வீடு அது. ஆனந்தரங்கர் நாள் தவறாது எழுத முற்பட்டதற்கு இந்நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என ஊகிப்பதில் தவறில்லை.

அவர் எழுதியவை யாவை? துறைமுகத்துக்கு வந்த கப்பல், அதிலிருந்து இறங்கிய சரக்கு, கோட்டையில் முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, ஆளுநர் அன்று காலையில் எந்த மனநிலையில் இருந்தார் என்பது, கடைத்தெருவில் பரவிய வதந்தி, சாதிச் சண்டை, சாவு, கலியாணம், சோதிடர் கணித்துத் தந்த நல்ல நேரம் ஆகிய எல்லாமே ஒரே மூச்சில் வருகின்றன. மக்களைப் பிடித்துச்சென்று அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பல் 1743இல் அகப்பட்ட செய்தி வருகிறது. 1745இல் கிறித்தவர்களிடையே சாதிப்பிரிவினர்க்கென்று புதுச்சேரிக் கோயிலினுள் கட்டப்பட்ட சுவரால் எழுந்த பூசல் வருகிறது. 1746இல் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவருக்கும் டூப்ளேக்கும் மூண்ட பகையும் நாள்வாரியாக விரிகின்றன. வரலாற்று நூல்களில் இப்போர்கள் சில பத்திகளில் முடிந்துவிடும். இங்கோ, செய்தி வந்த பொழுது, கொண்டுவந்த ஆள், கேட்டவர் முகம் மாறியது ஆகியவற்றோடு அவை நிகழ்கின்றன.

1748ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துப் பதிவுகளைத் தனியே சுட்ட வேண்டும். ஆங்கிலேயப் படை போஸ்காவன் தலைமையில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்த நெருக்கடிக்கிடையே, ஏசுசபைப் பாதிரிமார் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை இடிக்க ஆணை பிறந்தது. ஆனந்தரங்கர் அப்போது ஆளுநரின் துபாசி. இடிக்கச் சொன்னவருக்கும் இடிவதைக் கண்டு கதறியவர்களுக்கும் நடுவில் நிற்பவர். ஊர்ப் பெரியவர்கள் வந்து முறையிட்டதையும், அவர்களிடையே ஒற்றுமை இல்லாது போனதையும், டூப்ளேயின் மனைவிக்கு இதிலிருந்த பங்கையும், தெய்வத் திருமேனிகள் வேறு ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் அவர் பதிந்திருக்கிறார். அலுவலை விட்டுவிடவும் அவரால் இயலவில்லை. வாளாவிருக்கவும் மனம் ஒப்பவில்லை. செய்ய முடிந்த ஒன்றை மட்டும் செய்தார்: எழுதினார். அழுகையும் அறிவுரையும் கலவாமல், யார் என்ன சொன்னார், அதற்கு யார் என்ன விடை தந்தார் என்றே அப்பகுதி பெரும்பாலும் செல்கிறது. படிப்பவர் நெஞ்சு கனப்பதற்கு அதுவே காரணம். பின்னாளைய புதின ஆசிரியர் பலர் அரும்பாடுபட்டுக் கற்ற அடக்கத்தை இவ்வணிகர் நாள்வழிப் பழக்கத்தால் தாமே பெற்றிருந்தார் என்று துணிந்து கூறலாம்.

மொழியும் அவ்வாறே. அது பேச்சுத் தமிழை ஒட்டி ஓடும் நடை. பிரெஞ்சு, போர்த்துக்கீசு, பாரசீகம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றின் சொற்கள் அன்றைய கடைத்தெருவில் ஒலித்தபடியே உள்ளே நுழைகின்றன. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டிய இடங்கள் பல. இலக்கண நோக்கில் குறைகாண்போர்க்கு வேலை நிறைய உண்டு. எனினும் ஒன்றை மறத்தலாகாது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னரே, மனிதர் பேசிக்கொள்ளும் காட்சியை உரைநடையில் பிடித்துக்காட்டும் முயற்சி ஒன்று நாள்தோறும் நடந்துவந்திருக்கிறது. அக்காலத்துத் தமிழ் உரைநடை பெரும்பாலும் உரையாசிரியர் மரபிலும் சமயப் பரப்புரையிலும் இயங்கியது. தெருவின் குரலுக்கு அங்கு இடம் அரிது.

இதில் ஒரு முரண் பொதிந்துள்ளது. ஆனந்தரங்கர் புலவர்களை ஆதரித்த புரவலர். தியாகராச தேசிகர் அவர்மீது 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி வடமொழியில் 'ஆனந்தரங்க விசய சம்பு' இயற்றினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்ககவி அவர் பெயரால் யாப்பு நூல் ஒன்று செய்தார். தம் புகழ் இந்நூல்களால் நிலைக்கும் என்றே அவர் எண்ணியிருப்பார். அக்காலச் செல்வர் யாவரும் அவ்வாறே எண்ணினர். இன்று அந்நூல்களை ஆய்வாளர் சிலரே தேடிப் படிக்கின்றனர். பிறர் பாராட்டுக்கென்று எழுதப்படாத கணக்கேட்டு நடைக் குறிப்போ மூன்று மொழிகளில் அச்சாகியிருக்கிறது. கோவை நூலில் வரும் ஆனந்தரங்கர் எல்லாக் கோவைகளிலும் வரும் பாட்டுடைத் தலைவரே. குறிப்பில் வரும் ஆனந்தரங்கர் ஒருவரே. அவரைப்போல் இன்னொருவர் இல்லை.

ஆயின் அவரை உண்மையின் திருவுருவாகக் கொண்டாடுவதும் பொருந்தாது. தம்மைப் பிறர் புகழ்ந்த சொற்களை அவர் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். தமக்கு முன் தலைமைத் துபாசியாக இருந்து 1746இல் மறைந்த கனகராய முதலியார்மீது அவருக்கிருந்த புழுக்கம் பல இடங்களில் வெளிப்படுகிறது. டூப்ளேயின் மனைவியைப் பற்றி எழுதும்போது கை நடுநிலையில் நிற்பதில்லை. தம் சாதி, தம் குலம் என்ற கண்ணாடி வழியாகவே ஊரைப் பார்க்கிறார். வரலாற்றாசிரியர் இவற்றைக் கழித்துவிட்டே அவரைச் சான்றாகக் கொள்ள வேண்டும். படைப்பாளருக்கோ கழிக்க வேண்டியதில்லை. பொறாமையும் தற்பெருமையும் அச்சமும் மறைக்கப்படாமல் கிடக்கும் ஏடே அவருக்குப் பயன்படுவது. தன்னை நல்லவனாக மட்டும் காட்டும் நாட்குறிப்பில் கதைக்கு வேண்டிய ஆள் ஒருவனும் அகப்படமாட்டான்.

குறிப்பு 1761ஆம் ஆண்டு சனவரியில் அவர் வாழ்வோடு முடிந்தது. அடுத்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஏடுகள் அவ்வழிவிலிருந்து தப்பியதே வியப்பு. எண்பத்தைந்து ஆண்டுகள் அவற்றை ஆய்வுலகம் அறியவில்லை. 1846இல் கல்வா மொன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பார் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசின் முயற்சியால் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் மூன்றனைப் பிரெடரிக் பிரைசும் ரங்காச்சாரியும், எஞ்சியவற்றை டாட்வெல்லும் பதிப்பித்தனர். தமிழ் மூலத்தின் முதல் தொகுதி ஞானு தியாகு முயற்சியால் அச்சானதோ 1948இல்! ஆங்கிலேயர் முழுவதும் படித்து முடித்து இருபது ஆண்டுகள் கழித்தே தமிழர் தம் மொழியில் அதை அச்சில் காணத் தொடங்கினர். அ. வெண்ணிலாவும் மு. இராசேந்திரனும் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தது 2019இல். இடையில் தொலைந்த ஏடுகள் தொலைந்தவையே. பல மாதங்கள் ஒரேயடியாக இல்லாத இடங்கள் உண்டு.

ஆனந்தரங்கரை இலண்டன் மாநகரத்துச் சாமுவேல் பீப்சுடன் ஒப்பிடுதல் நெடுநாள் வழக்கம். கடற்படை அலுவலராக இருந்த பீப்சு 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் குறிப்பெழுதினார். அது முதன்முதலில் அச்சேறியது 1825இல். இருவரும் அலுவலாளர், இருவரும் ஆட்சியாளரின் அருகிலிருந்து கண்டவர். இருவருமே எழுத்தாளராக வேண்டுமென்று எழுதியவர் அல்லர். நாட்குறிப்பு படைப்பாக மாறும் கணத்தைக் காண விரும்புவோர் வேறோரிடத்தில் தேட வேண்டும். ஆம்சுடர்டாமில் ஒளிந்து வாழ்ந்த ஆன் பிராங்கு என்னும் சிறுமி 1942 சூன் மாதம் பிறந்தநாள் பரிசாகப் பெற்ற ஏட்டில் எழுதத் தொடங்கினாள். போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பாதுகாக்க வேண்டுமென்று 1944 மார்ச்சில் வானொலியில் டச்சு அமைச்சர் ஒருவர் பேசியதைக் கேட்டாள். அதன்பின் தன் பழைய பதிவுகளை எடுத்து, தனித் தாள்களில் மீண்டும் எழுதலானாள்: சிலவற்றை நீக்கினாள், சிலவற்றைச் சேர்த்தாள், பெயர்களை மாற்றினாள். ஆகஸ்டு 4ஆம் நாள் அவள் கைதானபோது அப்பணி முடியவில்லை. வணிகர் மொழியில் சொன்னால், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்தெழுதும் வேலையே அது. பதினான்கு வயதில் அவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தாள் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்திலும் நாட்குறிப்பாளர் பலர் உண்டு. மறைமலையடிகள் நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை அதனைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது பலரைத் திடுக்கிடச் செய்யும் செய்தி. மேடைக்கு ஒரு மொழி, மேசை அறைக்கு ஒரு மொழி என்று அவருள் அமைந்துவிட்ட இப்பிரிவினை தனியே ஆராயத்தக்கது. இராசாசி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் எழுதிய குறிப்புகள் பின்னர் நூலாயின. சிறை உணவும் உடல்நலிவும் உடனிருந்த கைதிகளும் அரசியல் சிந்தனையும் சிறுசிறு வாக்கியங்களில் அடங்கிய அப்பதிவுகளில், பிற்காலத்தில் வியாசரையும் வால்மீகியையும் எளிய தமிழில் சொன்ன நடையின் முளை தெரிகிறது.

எனினும் நாள்வழி பேரேடாகியதற்குத் தமிழ் தரும் சிறந்த சான்று பிரபஞ்சன். 1945இல் புதுச்சேரியில் பிறந்த அவர், தம் ஊர்த் துபாசி எழுதிவைத்த குறிப்பை ஆழ்ந்து கற்று 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு புதினங்களைப் படைத்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதற்கு முன்னர்த் தமிழில் வரலாற்றுப் புதினமென்றால் அரண்மனை, சுரங்க வழி, மாறுவேடம், கடற்போர் என்றே வாசகர் எதிர்பார்த்தனர். பிரபஞ்சனின் கதையுலகில் தாசியர் வருகின்றனர். அடிமையாக விற்கப்பட்டோர் வருகின்றனர். வரி கட்ட முடியாத உழவர் வருகின்றனர். இவர்களுக்கு மெய்க்கீர்த்தியிலோ பரணியிலோ இடம் இல்லை. வணிகரின் குறிப்பேட்டில் ஒரு வரி, இரண்டு வரி அளவேனும் இடமிருந்தது. அவ்விரண்டு வரியிலிருந்து ஒரு முழு மனிதரை எழுப்பியது புதின ஆசிரியரின் கற்பனை. ஆனால் அந்த இரண்டு வரி இல்லையேல் கற்பனை பற்றிக்கொள்ளக் கொழுகொம்பே இல்லை. ஆனந்தரங்கர் பெருமையாகக் கருதிய செய்திகளைப் பிரபஞ்சன் பல இடங்களில் ஒதுக்கியதையும், அவர் போகிற போக்கில் எழுதியவற்றை எடுத்துக்கொண்டதையும் இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்போர் காணலாம். எழுதும்போது எது அற்பம், எது அரியது என்று எழுதுகிறவர்க்கே தெரிவதில்லை.

புத்தாண்டு பிறந்ததும் வங்கியும் மருந்துக் கடையும் இலவசமாகத் தரும் டைரிகள் புறநகர் வீடுதோறும் குவிகின்றன. அவற்றுள் பல, சனவரி மாதம் முழுதும் உயர்ந்த உறுதிமொழிகளாலும், பிப்ரவரிக்குப்பின் பால் கணக்காலும் சலவைக் கணக்காலும் நிறைகின்றன. எழுத்தார்வம் உடையோர் அந்தப் பால் கணக்கை இழிவாக எண்ணி நிறுத்துவதைவிட, அதன் கீழேயே பால்காரர் அன்று சொன்ன சொல்லையும் எழுதத் தொடங்குவது நல்லது. ஆனந்தரங்கர் தொடங்கிய இடம் அதுவே. 'இன்று மனம் சோர்ந்திருந்தது' என்ற வரி பத்தாண்டு கழித்து எழுதியவருக்கே எதையும் நினைவூட்டாது. ஏரி நிரம்பி எந்தத் தெருவரை நீர் வந்தது, அன்று காய்கறி என்ன விலை, அண்டைவீட்டார் எந்தச் சொல்லால் சண்டையைத் தொடங்கினார் என்பவை அந்த நாளையே மீட்டுக் கொணரும்.

பிள்ளையவர்கள் வீட்டில் அவரோடு எழுதுகோல் ஓய்ந்துவிடவில்லை. தம்பி மகனான ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை குறிப்பெழுதினார். அவர் வழியினரான முத்து விசய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரை எழுதினார். அவ்வூரிலேயே இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதியதும் கிடைத்துள்ளது. இந்நால்வர் ஏடுகளிலும் பெண்ணொருத்தி தன் கையால் எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. அதே வீடுகளில், அதே நாட்களில், அதே முற்றுகையின் குண்டொலியைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்ன நினைத்தனர் என்பதை எழுதிவைக்க அன்று அவர்களுக்கு நாள்வழி தரப்படவில்லை. ரங்கப்பரின் குறிப்பு தொடங்கும் ஆண்டில் புதுச்சேரியில் கோட்டை இல்லை. ஆளுநர் மாளிகை இல்லை. பிரெஞ்சுக்காரர் திரும்பிவர 1765ஆம் ஆண்டு ஆக வேண்டும். கப்பல் வராத துறைமுகத்தையும் மனிதர் குறைந்த தெருக்களையும் வைத்துக்கொண்டு அவர் தேதியிட்டு எழுதலானார்.